ஊசி குத்தினால் பரவாது
(மகளிர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் பேசியது)

இதை ஓர் ஆண் பேசலாமா என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு ஆண்களும் இதழில் படிக்கட்டும் என்றுதான் பேசுகிறேன்.

மார்பில் கட்டி, டாக்டர் ‘பயாப்ஸி’ எழுதித் தந்தார் என்றால் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். ஊசி குத்தினால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஒரு பேச்சு. அது உண்மையல்ல. இந்தச் சோதனை செய்துகொள்ளும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்றே ரிப்போர்ட் வருகிறது. இருந்தாலோ, தாமதம்தான் ஆபத்து.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போனாலும் ஆசாரிபள்ளத்துக்குப் போனாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். மரத்துப்போக ஓர் ஊசி. அது சுருக்கென்று இருக்கும். பிறகு ஸ்கேனில் பார்த்தபடியே சற்றுத் தடித்த ஊசியால் நூல்போலச் சில துணுக்குகள் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடித்தாற்போல் ‘டக்’கென்று கேட்கும். வலியைவிட அந்தச் சத்தத்துக்குப் பதறுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். இரண்டு மூன்று நாள் கன்றி வலிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பர்தாவுக்குள் முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுப் போங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேளுங்கள், தவறில்லை. கிடைக்காவிட்டால் நர்ஸைக் கூட நிற்கச் சொல்லுங்கள்; நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். வாங்கப் போகும் அன்று கணவரோ மகனோ கூடப் போக வேண்டும். பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம் நாம்.