மழையில் சைக்கிள் ஓட்டும் சகோதரிகளுக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று சைக்கிளைப் பற்றிப் பேசுவோம். விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக, வேலைக்குப் போக, நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக, பலருக்கும் அதுதானே வண்டி?

ஐப்பசி வந்தால் அடைமழை. சறுக்கி விழுந்த காயம் நாலு நாளில் ஆறிடும். ஆனால், "பொம்பளப் புள்ளைக்கு இனிமே சைக்கிள் வேணாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் படிப்பும் வேலையும் அதோடு நின்னு போகும்.

இந்த சைக்கிள் நமக்குச் சும்மா கிடைக்கலை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரே பார்க்க சைக்கிளில் வந்தார்கள். கேலி பேசியவர்களுக்கு அதுவே பதில்.

சரி, மழையில் எப்படி ஓட்டுவது?

ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. அதனால் தூரத்திலேயே லேசாக விட்டு விட்டுப் பிடிங்க. ரப்பர் தேய்த்துத் தண்ணீரை வழித்துவிடும், அப்புறம்தான் பிடிப்பு வரும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கணும். திருப்பத்தில் பிரேக் வேண்டாம். அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைச்சிடுங்க.

ஒரு கையில் குடை பிடித்தால் மறு கைக்கு ஒரு பிரேக்தான் மிச்சம். மழைக்கோட்டு நல்லது. முந்தானை, துப்பட்டாவைச் சுற்றி இடுப்பில் செருகிடுங்க. தண்டவாளத்தை நேராகக் கடங்க. சாய்வாக ஏறினால் சக்கரம் இடுக்கில் மாட்டும். காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் மழை பெய்தால், எண்ணெய்ப் பிசுக்கு மேலே வந்து ரொம்ப வழுக்கும். நெடுஞ்சாலையில் லாரி வாரி இறைக்கிற தண்ணீரில் நம்மைத் தெரியாது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் வேணும்.

ஓடுகிற தண்ணீரில் மட்டும் இறங்காதீங்க. பள்ளம் எது, ரோடு எதுன்னு தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயிலையே நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய ரயிலே நின்றபோது, நாம் நிற்பதில் என்ன வெட்கம்? ஓட்டுவது தைரியம் என்றால், இறங்கி நிற்பதும் தைரியம்தான்.

மழை முடிகிறவரை வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுங்க. தேய்ந்த பிரேக் ரப்பரை மாற்றுங்க. கையில் காசு இல்லாதவர்களுக்குக் குழுவில் சின்னக் கடன் கொடுக்கலாம். அதைத் தீர்மானமாக எழுதுங்க. எத்தனை சைக்கிள் சரியாச்சுன்னு அடுத்த கூட்டத்தில் கேட்போம்.