கம்ப்யூட்டருக்கு ஜாதி உண்டா?

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டில் கூடிய கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இந்த ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அமெரிக்காவைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். திருவண்ணாமலையில் அமெரிக்காவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது என்பது நமது அபிப்பிராயம். பால் பிரண்டன் என்னும் வெள்ளைக்காரர் இங்கு வந்து போய் 1934-ல் புத்தகம் வெளியிட்டதிலிருந்து இந்தத் தெருவுக்கு வெளிநாட்டார் வந்தவண்ணமாகவே இருக்கின்றார்கள். அமெரிக்கர் வேஷ்டி கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், மலையைச் சுற்ற வருகின்றார். அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் மகனோ, கால்சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போகின்றார். அங்கிருந்து வருகிறவர் ஆத்மாவைத் தேடி வருகின்றார். இங்கிருந்து போகிறவர் சம்பளத்தைத் தேடிப் போகின்றார். இருவரில் பின்னவர் மீது நமக்குக் கொஞ்சம் அதிக மரியாதை உண்டு. ஏனெனில், தேடுகிற சாமான் உலகத்தில் இருக்கிறது என்பதாவது அவருக்கு நிச்சயமாய்த் தெரியும். (சிரிப்பு)

நிற்க. சென்ற மாதம் இங்கே ஒரு டீக்கடையில் நடந்த சம்பாஷணையே இன்றைய பேச்சுக்குக் காரணம். பென்ஷன் வாங்கும் ஒரு கனவான், நல்ல மனிதர்தான், நம்மைப் பார்த்து, "நீங்கள் இன்னமும் ஜாதி ஜாதி என்று கத்திக்கொண்டிருக்கிறீர்கள். என் மகன் கலிபோர்னியாவில் சீனனோடும் வெள்ளையனோடும் கறுப்பனோடும் ஒன்றாய் வேலை செய்கிறான். கம்ப்யூட்டருக்கு ஜாதி தெரியுமா? அங்கே திறமை ஒன்றுதான் கணக்கு. ஜாதியை யந்திரம் ஒழித்துவிட்டது, உங்களைப் போன்றவர்கள்தான் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறீர்கள்" என்றார். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு காலனிப் பெரியவர், பேரன் என்ஜினீயரிங் படிக்கிறவர், மெதுவாக, "அங்க போனா கேக்க மாட்டாங்களா சாமி?" என்றார். கேட்க மாட்டார்களா என்று கேட்ட வாயிலேயே "சாமி" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

யந்திரம் ஜாதியை ஒழிக்கும் என்பது புதிய பேச்சு அல்ல. இந்நாட்டில் ரயில் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். எல்லோரும் ஒரே வண்டியில் உட்கார வேண்டும், ஆகவே ஜாதி செத்தது என்றார்கள். வண்டியில் உட்கார்ந்தார்கள், உண்மைதான். ஸ்டேஷனில் இறங்கியதும் "பிராமணாள்" என்று ஒரு போர்டும் "இதராள்" என்று ஒரு போர்டும் நின்றன. இஞ்சினுக்கு ஜாதி தெரியாது. இட்டலி கொடுக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது! ஈ.வெ.ராவும் இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்து, 1941-ல்தான் அந்தப் பேதம் ரயில்வே சாப்பாட்டுக் கடைகளிலிருந்து போயிற்று. ரயில் ஓட ஆரம்பித்து எத்தனை தலைமுறைக்குப் பிறகு என்று எண்ணிப் பாருங்கள். ரயிலை விடுங்கள். எல்லாம் ஒன்றே என்று போதித்த இந்தப் பக்கத்து ஆசிரமத்திலேயே ஒரு காலத்தில் சாப்பாட்டுப் பந்தியில் பார்ப்பனருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று மறைப்பு வைத்திருந்ததை அங்கிருந்த பக்தர்களே எழுதி வைத்திருக்கின்றார்கள். அத்வைதத்தாலேயே முடியாத காரியத்தைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுவானேன்?

அமெரிக்காவின் கதையும் இதுதான். 1793-ல் எலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்க ஒரு யந்திரம் செய்தார். நமது ஜில்லாவில் மல்லாட்டை உடைக்கும் மிஷினை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த மாதிரி கைவேலையை மிச்சப்படுத்தும் சாமான். பல பேர் நாள் முழுதும் உட்கார்ந்து செய்ததை அது ஒன்று செய்தது. அப்படியானால் அடிமைகளுக்கு வேலை குறைந்து விடுதலை வந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர் விரோதம். பஞ்சில் லாபம் பெருகிற்று. லாபம் பெருகவே நிலம் பெருகிற்று. நிலத்தில் பாடுபட அடிமைகளும் பெருகினார்கள். 1790-ல் அந்நாட்டில் சுமார் 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860-ல் சுமார் 40 லட்சம்! யந்திரம் எவன் கையில் இருக்கிறதோ அவனுடைய புத்தியைத்தான் அது பெருக்கிக் காட்டும்.

அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் நிறம் ஒழியவில்லை. புல்மன் கம்பெனி தூங்கும் வசதியுள்ள ரயில் வண்டிகளில் பணிவிடைக்குக் கறுப்பர்களை வைத்தது. முதலாளியின் பெயர் ஜார்ஜ். ஆகவே பிரயாணிகள் பணியாள் ஒவ்வொருவரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கென்று ஒரு பெயர் உண்டு என்ற நினைப்பே கிடையாது. நமது பக்கத்தில் தாத்தா வயதுடையவரைப் பண்ணையார் வீட்டுப் பையன் "டேய்" என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பணியாட்களுக்கு 1925-ல் சங்கம் உண்டாயிற்று. அதன் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், 1941-ல், யுத்தத் தொழிற்சாலைகளில் கறுப்பருக்கு வேலை கொடுக்காவிட்டால் ஆயிரக்கணக்கானவர்களோடு வாஷிங்டனுக்குப் படையெடுப்போம் என்றார். ஜூன் 25-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட், யுத்தத் தொழிற்சாலைகளில் நிற பேதம் கூடாதென்று உத்தரவு போட்டார். ஆகாய விமானம் செய்யும் யந்திரம் என்றைக்காவது நிறம் கேட்டதா? வாசலில் நின்று ஆள் எடுத்தவன் கேட்டான். அவனை உத்தரவுதான் அடக்கிற்று; உத்தரவைச் சங்கம்தான் வாங்கிற்று.

அதே கறுப்பர்கள் மேலும் போராடி, அடிபட்டு, செத்து, 1964-ல் வேலையில் நிறமும் இனமும் பார்க்கக்கூடாதென்ற சட்டம் வாங்கினார்கள். அந்த வேகத்திலேயே 1965-ல் குடியேற்றச் சட்டமும் மாறி, ஆசியாக்காரருக்கு அந்நாட்டுக் கதவு நன்றாகத் திறந்தது. டீக்கடைக் கனவானின் மகன் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். கறுப்பன் இரத்தம் சிந்தித் திறந்த கதவு என்பதை அங்கு போகிற நம்மவரில் எத்தனை பேர் நினைக்கின்றார்கள்?

அதற்கு முன் நம்மவர்கள் எப்படி நுழையப் பார்த்தார்கள் என்ற வேடிக்கையையும் கேளுங்கள். வெள்ளையர்களே குடிமக்களாகலாம் என்று அமெரிக்காவில் 1790-ல் செய்த சட்டம், 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்துக்கொண்டது. ஆசியாக்காரருக்கு இடமில்லை. பஞ்சாபிலிருந்து போய் அமெரிக்கப் பட்டாளத்திலும் சேவை செய்த பகத் சிங் திந்த் என்ற சீக்கியர், குடியுரிமைக்கு வழக்காடினார். இந்தச் சட்டம் அக்கிரமம் என்று வாதித்தாரா? இல்லை. தாம் உயர்ந்த ஜாதி ஆரியர், ஆகையால் தாமும் வெள்ளையரே என்பது வாதம்! வெள்ளைக்காரர் கறுப்பரோடு எப்படிச் சம்பந்தம் செய்யமாட்டாரோ, அப்படியே உயர்ந்த ஜாதியாரும் இந்நாட்டுப் பழங்குடிகளோடு கலக்கமாட்டார் என்பதையும் ஒரு யோக்கியதையாகக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினார்கள். இவர் பிறந்ததோ ஜாதி இல்லை என்று சொல்லும் மதத்தில்! 1923 பிப்ரவரி 19-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஆரியராயிருந்தால் இருந்துவிட்டுப் போங்கள், சாதாரண வெள்ளைக்காரன் உங்களை வெள்ளையன் என்று ஒப்பமாட்டான் என்பது தீர்ப்பின் சாரம். முன்பே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களும் அதனால் அதை இழந்தார்கள். வைஷ்ணவ தாஸ் பகாய் என்னும் வியாபாரி, நாடற்றவராகி, மனமொடிந்து 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். பூணூலைக் காட்டினால் வெள்ளைக்காரன் பக்கத்தில் நாற்காலி போடுவான் என்று நம்பியதற்குக் கிடைத்த கூலி இது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். நமது வாலிபர்கள் பெரும்பாலோர் எச்-1பி என்ற விசாவில் போகின்றார்கள். சாதாரணக் கம்பெனிகளுக்கு வருஷத்திற்குப் புதிதாக 85,000. அதில் பெரும்பங்கு இந்தியருக்கே. ஆனால் அது மனுச் செய்த கம்பெனியோடு கட்டிய கயிறு. வேலை போனால் 60 நாளுக்குள் வேறொரு கம்பெனி மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரமாய்த் தங்கும் உரிமைச் சீட்டிலோ, எந்த ஒரு தேசத்தாருக்கும் 100-க்கு 7-க்கு மேல் இல்லை என்பதால் இந்தியர் வருஷக்கணக்காய் வரிசையில் நிற்க வேண்டும். பெண்சாதி பிள்ளை, வாங்கிய வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் மேலதிகாரியின் ஒரு வார்த்தையில் தொங்குகின்றன. அந்த மேலதிகாரியும் இந்தியராய், ஜாதிப்பித்தராய் இருந்துவிட்டால்? பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதில்லை என்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் நாம் தீர்மானித்ததன் பயனாய்த் தமிழன் பெயரில் ஜாதி தெரியாது. தெரியாவிட்டால் விடுகின்றார்களா? தோளைத் தட்டுவதுபோல் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, "நீங்கள் சைவமா?" என்பது, "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்பது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போயும் தெருப் பெயரைக் கேட்கிறவனை என்னவென்று சொல்வது!

2020 ஜூன் 30-ந் தேதி, கலிபோர்னியா சர்க்கார் இலாகா ஒன்று, சிஸ்கோ என்னும் பெரிய கம்பெனியின் மீதும் அதில் மேலதிகாரிகளாயிருந்த இருவர் மீதும் வழக்குப் போட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஓர் என்ஜினீயரை, அவர் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்று மற்றவர்களிடம் சொல்லி இழிவுபடுத்தியதாகவும், புகார் செய்த பிறகு வேலையில் ஒதுக்கி வைத்ததாகவும் குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இருவர் மீதான வழக்கை இலாகா வாபஸ் வாங்கிக்கொண்டது. கம்பெனி மீதான வழக்கை அப்போது விடவில்லை. யார் மீது குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஜட்ஜி அல்ல. ஆனால் அந்தப் புகாரில் கண்ட ஒரு சங்கதிதான் நமக்கு முக்கியம். என்ஜினீயர் முறையிட்டபோது, ஜாதி பார்ப்பது சட்டவிரோதமல்ல என்று கம்பெனி அதிகாரிகள் சொன்னார்களாம். 1964-ம் வருஷத்துச் சட்டத்தில் இனம், நிறம், மதம், பால், பிறந்த தேசம் எல்லாம் இருக்கின்றன. ஜாதி என்ற சொல் இல்லை.

ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட கணக்கில், பதில் சொன்ன தலித்துகளில் 100-க்கு 67 பேர் வேலையிடத்தில் அநியாயமாய் நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அது தாமாகப் பதில் சொல்ல முன்வந்தவர்களின் கணக்கு. ஆகையால் அங்குள்ள எல்லோருக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நாம் அடித்துப் பேசமாட்டோம். எதிரியின் கணக்கைச் சந்தேகிக்கிறவன் தன் கணக்கையும் சந்தேகிக்க வேண்டும். பாதியென்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதி போதாதா?

வழக்கிற்குப் பின் காரியங்கள் நடந்தன. ஆப்பிள் கம்பெனி தன் விதிகளில் ஜாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21-ல் சியாட்டில் நகரசபை 6-க்கு 1 ஓட்டில் ஜாதி பேதத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது. கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த் என்ற அம்மையார். அவர் பிறந்தது தமிழ்ப் பார்ப்பனக் குடும்பம்! நமக்குப் பிறப்பின் மீது விரோதமில்லை என்று நாம் சொன்னால் நம்பாதவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும். பிறகு கலிபோர்னியா சட்டசபையில் ஆயிஷா வகாப் என்ற அம்மையார் ஒரு மசோதா கொண்டுவந்தார். இரு சபையும் நிறைவேற்றின. கவர்னர் நியூசம் அக்டோபர் 7-ந் தேதி கையெழுத்துப் போட மறுத்தார். இருக்கிற சட்டமே போதும் என்பது அவர் காரணம். போதுமானால் அந்த என்ஜினீயருக்கு அப்படிப் பதில் சொல்வானேன்?

மசோதாவை எதிர்த்தவர்கள், இது இந்துக்களை மட்டும் இழிவுபடுத்துகிறது என்றார்கள். திருட்டுக்குத் தண்டனை என்றால் திருடாதவனுக்கு ஏன் கோபம் வர வேண்டும்? "எங்களிடம் ஜாதியே இல்லை" என்றும் சொல்லிக்கொண்டு, "ஜாதி என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதாதே" என்றும் கூச்சலிடுவது எப்படிப் பொருந்தும்?

இப்போது காற்று மாறி அடிக்கிறது. 2025 செப்டம்பர் 19-ல் ஜனாதிபதி டிரம்ப், புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று உத்தரவு போட்டார். இந்தியனே வெளியே போ என்ற கூச்சலும் அங்கே பலமாயிருக்கிறது. அதை நாம் வன்மையாய்க் கண்டிக்கின்றோம். நம்மவன் அகப்பட்டுக்கொண்டான் என்று கைதட்டுவது மனிதத்தன்மையல்ல. ஆனால் கூச்சல் போடும் வெள்ளையன், ஐயரா, முதலியாரா, ஆதிதிராவிடரா என்று பார்த்தா கூச்சல் போடுகிறான்? திந்தை விட்டுவைக்காதவன் உங்களையா விட்டுவைக்கப் போகிறான்? அவனுக்கு எதிராகக் கறுப்பனுடைய சட்டத்தில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். தன் பக்கத்து நாற்காலிக்காரனிடம் மட்டும் தெருப் பெயர் கேட்க வேண்டும்! இரண்டும் எப்படி நடக்கும்?

பார்ப்பனரை மட்டும் வைதுவிட்டு இறங்கினால் உங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சுலபம். ஆனால் இங்கிருந்து தண்டராம்பட்டுப் பக்கம் போனால் தென்முடியனூர் இருக்கிறது. அவ்வூர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள், 2023 ஜனவரி 30-ந் தேதி, கலெக்டரும் போலீசாரும் துணை வந்த பிறகுதான் ஆதிதிராவிட மக்கள் நுழைய முடிந்தது. சுமார் 80 வருஷமாய்த் தடுத்து வைத்தவர்கள் யார்? பூணூல் போட்டவர்களா? நம்மைப் போல "இதராள்" போர்டுக்குக் கீழே நின்ற கூட்டந்தானே! அந்தக் கோவிலுக்குள் இருப்பது கல் என்பது நமது கொள்கை. கல்லைப் பார்க்கவும் ஒருவனுக்கு உரிமை இல்லை என்பதுதான் நமது சண்டை. இந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் அமெரிக்கா போகின்றார்கள். விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டு என்று கணக்குப் பார்க்கின்றார்கள். ஜாதியை நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை.

ஆகவே, டீக்கடைப் பெரியவருக்கு நமது பதில் இதுதான்: கேட்பார்கள், ஐயா. எல்லோரும் கேட்கமாட்டார்கள், சிலர் கேட்பார்கள். கேட்டால் பேரன் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். வாயால் சொன்னதைக் கடிதத்தில் திருப்பி எழுதிக் கேட்கட்டும், பதிலைப் பத்திரப்படுத்தட்டும். கம்பெனி விதியில் ஜாதி என்ற சொல் இருக்கிறதா என்று போன முதல் வாரமே பார்க்கட்டும். பக்கத்தில் வேலை செய்யும் கறுப்பரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். முறையீடு எப்படி எழுதுவதென்று அவர்களுக்கு நாலு தலைமுறையாய்ப் பழக்கம் இருக்கிறது.

அந்தப் பெரியவர் இன்று வந்திருக்கின்றார். முன்னால் நாலு நாற்காலி காலியாயிருக்க, பின்னால் கம்பத்தடியில் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கின்றார். ஐயா, முன்னால் வந்து உட்காருங்கள். சந்தேகம் உள்ள மற்றத் தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம்.