பட்டமிருந்தும் ஆட்சியற்ற சேதுபதி

1868ஆம் ஆண்டில் இரண்டு அரசமக்கள் பிறந்தனர். ஒருவர் தென்னாப்பிரிக்கச் சூலு இனத்துத் தினுசூலு. மற்றவர் இராமநாதபுரத்துப் பாசுகர சேதுபதி. இருவர் மண்ணையும் ஆண்டவர் சிறு தொகையினரான வெள்ளையரே. 1889இல் தினுசூலுவைக் கலகக்காரரென்று தீர்ப்பளித்து, முன்பு நெப்போலியனை அடைத்த தூய எலினாத் தீவுக்கே கடத்தினர். 1898இல் மீண்டவரை மன்னரென ஏற்காமல் தமக்குக் கீழ்ப்பட்ட தலைவராகவே வைத்தனர்.

அதே 1889இல் சேதுபதி பட்டமேறினார். பட்டமென்ன பட்டம்! 1795இலேயே கும்பினியார் அவர் முன்னோரான முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைப்படுத்தினர்; 1809இல் சிறையிலேயே அவர் மாண்டார். இடையில், 1803இல், சேதுநாடு வெறுஞ் சமீனாகத் தாழ்ந்தது. படையில்லை, தண்டிய வரியில் வெள்ளையர்க்குப் பங்கு கட்டுவதே எஞ்சிய 'ஆட்சி'.

கொடுக்கும் கையை மட்டும் அவர்கள் கட்டவில்லை. வாரி வழங்கினார் சேதுபதி. கடனும் மலையாய்க் குவிந்தது. விவேகானந்தரை அமெரிக்கா செல்ல ஊக்கியதை எல்லாரும் பேசுவர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இம் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவியபோது துணைநின்றதைப் பேசுவோர் சிலரே! ஆங்கிலமே அலுவல்மொழியாய் இருந்த நாளில் தமிழுக்கென ஓர் அவை எழுந்தது; 1902இல் 'செந்தமிழ்' இதழ் வந்தது; ஏட்டில் கிடந்த நூல்கள் அச்சேறின.

1903இல், 35ஆம் அகவையில், சேதுபதி மறைந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்முறையும் ஒழிந்தது. தமிழ்ச்சங்கச் சாலையில் சங்கம் இன்றும் நிற்கிறது.