வலது பக்கம் காலியாக இருக்கட்டும்

காலை ஏழு மணிக்கே வந்து இடம் பிடித்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

பட்டமளிப்பு விழாவுக்குத் துணைவேந்தரைக் கூப்பிடுவார்கள், விஞ்ஞானியைக் கூப்பிடுவார்கள், கலெக்டரைக் கூப்பிடுவார்கள். உங்கள் முதல்வர் ஓய்வுபெற்ற ஒரு சப் போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஊர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். உங்களில் எழுபது பேருக்கு மேல் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். “சங்கத்தைப் பற்றியே பேசுங்கள், போதும்” என்றார் முதல்வர். எனக்கும் வேறு எதுவும் பேச வராது.

பட்டமளிப்பு மேடையில் நான் ஏறுவது இதுதான் முதல் முறை. பி.ஏ. படித்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், அஞ்சல் வழியில். பாடப் புத்தகம் தபாலில் வந்தது, ஹால் டிக்கெட் தபாலில் வந்தது, கடைசியில் பட்டமும் ரிஜிஸ்டர் தபாலில், நான் வேலை பார்த்த ஆபீஸுக்கே வந்தது. (அந்த ரிஜிஸ்டர் தபாலையும் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள்.) தபால்காரர் கவரை என் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி டிராயரில் வைத்துவிட்டு, வரிசையில் நின்ற பெரியவருக்கு மணியார்டர் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் கைதட்ட யாரும் இல்லை. இன்று உங்களுக்குத் தட்டுகிற கைதட்டலில் கொஞ்சம் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் பிளஸ் டூ முடித்தது 1982-இல். குரூப் போட்டோவில் 64 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் ரெட்டைச் சடை, தாவணி. கடைசி வாரம் ஆட்டோகிராப் நோட்டு கைமாறியது. பெயர், பிடித்த நிறம், பிடித்த நடிகர் என்று கேள்விகள், அதற்கெல்லாம் கீழே ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு வரி. 64 பேரும் அப்பா வீட்டு முகவரியைக் கதவு எண் சகிதம் எழுதினோம். நான்கே வருஷத்தில் அதில் ஐம்பது முகவரி தப்பாகிவிட்டது.

நான் தபால் இலாகாவில் சேர்ந்தது 1984. கார்டு 15 பைசா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒருத்தி விடாமல் கார்டு போடுவேன். ‘இடம் பெயர்ந்தார்’ என்று சிவப்பு மையில் எழுதிப் பாதி திரும்பி வரும். அதை எனக்கே டெலிவரி செய்வார்கள். எங்கள் ஆபீஸில் அது பெரிய வேடிக்கை.

கவுண்டரில் உட்கார்ந்து நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். வேலை மாற்றலாகிப் போகிற ஆண்கள் வந்து ஒரு மனு எழுதிக் கொடுப்பார்கள்: இனி என் பெயருக்கு வரும் தபாலை இந்தப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பவும் என்று. பேங்க் கிளார்க் கொடுப்பார், வாத்தியார் கொடுப்பார், போலீஸ்காரர் கொடுப்பார். நாற்பது வருஷ சர்வீஸில், கல்யாணமாகிப் போகிற ஒரு பெண் வந்து அப்படி எழுதிக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. தன் பெயருக்குத் தபால் வரும் என்று அவளே நினைக்கவில்லை.

பையன்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைத் தேட டீக்கடையில் விசாரித்தால் போதும். “அவனா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடை வெச்சிருக்கான்” என்று சொல்லிவிடுவார்கள். பெண்ணைத் தேடினால் ஊர் மாறியிருக்கும். அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும். சில வீடுகளில் பெயரே மாறிவிடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயராக இருந்தால் கூப்பிடச் சங்கடமாம், சின்னவள் பெயரைத்தான் மாற்றுவார்கள். கல்யாணமானால் பெயரையோ இனிஷியலையோ மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்று வாங்கிய சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே உங்களுக்குக் கடைசி வரை இருக்கலாம். மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமாவது சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அப்படிச் சொல்லாமல் போன ஒருத்தியை நான் கண்டுபிடித்தது 1999-இல். எனக்கு வேறு ஊரில் வேலை. ஒரு மதியம் கூண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பணம் எடுக்கும் பாரம் ஒன்று வந்தது. எண்ணில் 700, எழுத்தில் ‘எழுநூறு ரூபாய் மட்டும்’. அந்த ‘ழு’வைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ழகரத்தின் வாலை இழுத்து அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் முடிக்கிற ஆள் எங்கள் வகுப்பில் ஒருத்திதான். தமிழம்மாவிடம் எத்தனையோ குட்டு வாங்கியும் திருந்தாத வால் அது. பாரத்தில் பெயர் வேறு, இனிஷியல் வேறு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி, நரை, கையில் மளிகைப் பை. பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி, “மூணாவது பெஞ்சுதானே?” என்றேன். அவள் முழித்தாள். அப்புறம் “அடியே” என்றாள். பின்னால் நின்ற வரிசை எரிச்சலில் உச்சுக்கொட்டியது. “எங்கம்மா போனதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆள் நீதாண்டி” என்றாள். எழுநூறு ரூபாயை எண்ணிக் கொடுக்க நான் மூன்று தரம் தப்புச் செய்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். சங்கம் அந்த நோட்டில்தான் ஆரம்பம்.

முதல் சந்திப்பு 2015-இல், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வராந்தாவில். வந்தவர்கள் 19 பேர். ஒரே நிறப் புடவை கட்டலாம் என்று ஒரு கோஷ்டி, வேண்டாம் என்று ஒரு கோஷ்டி; இரண்டு வாரம் சண்டை நடந்து கிளிப்பச்சை ஜெயித்தது. சொல்லக் கூடாது, பார்க்க அரசியல் மாநாடு மாதிரி இருந்தது. எண்பது வயது வகுப்பு டீச்சரை ஆட்டோவில் அழைத்து வந்தோம். அவர் பொன்னாடையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் நேரே வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். நோட்டுக் கிடையாது, எல்லாம் மனப்பாடம். அத்தனையும் அப்பா இனிஷியலோடு. ஒவ்வொருத்தியும் எழுந்து “உள்ளேன் அம்மா” என்றோம். ஒரு பெயருக்குப் பதிலே வரவில்லை. டீச்சர் இரண்டாம் முறை கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்தவள் திடுக்கிட்டு எழுந்து, “நான்தாம்மா, அந்த இனிஷியலைக் கேட்டு முப்பது வருஷமாச்சு” என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கழிப்பறைக்குப் போனோம். 1982-இல் அங்கே ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டடம் புதிது, டைல்ஸ் புதிது. தாழ்ப்பாள் மட்டும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் கிளிப்பச்சைப் புடவையில் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. ஆண்கள் பள்ளியில் இருப்பதுபோல் எங்கள் பெயர் பொறித்த அலங்கார வளைவு கட்டலாம் என்றாள் ஒருத்தி. யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் 11 தாழ்ப்பாளும் பை மாட்ட 11 கொக்கியும் வாங்கினோம். பெரிய தொகை கொடுக்க நினைக்கிற முன்னாள் மாணவர்களுக்காக அரசு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. கணினியோ வகுப்பறையோ அதன் வழியாகக் கொடுக்கலாம். தாழ்ப்பாளுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்.

பெண்கள் நாலு பேர் கூடினால் வெட்டிப் பேச்சு என்பார்கள். சென்னைக் கடற்கரைச் சாலைக்குப் போனால் ராணி மேரிக் கல்லூரியைப் பாருங்கள். 1914-இல் டோரதி டி லா ஹே என்பவரை முதல்வராகக் கொண்டு, 37 மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி. 2003-இல் அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் நகர மாட்டோம் என்று வளாகத்திலேயே உட்கார்ந்தார்கள், பழைய மாணவிகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அதே சாலையில்தான் ஐஸ் ஹவுஸ். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிய சகோதரி சுப்பலட்சுமி அங்கே இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். அங்கே தங்கிப் படித்தவர்கள் ஆசிரியைகளாகி வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். பெண்கள் ஒன்றாகக் கூட அவர் 1912-இல் தொடங்கியது சாரதா மகளிர் சங்கம். 1956-இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதும் அவர் தலைவியாக இருந்த மயிலாப்பூர் லேடீஸ் கிளப்தான். நாங்கள் தாழ்ப்பாளோடு நிற்கிறோம். பரவாயில்லை.

இனி வருத்தமான ஒரு சமாசாரம், அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் செட்டில் ஒருத்திக்கு என் மகன் கல்யாணப் பத்திரிகையை அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. கோபத்தில் நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் அவள் மகன் கூப்பிட்டான். “அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு ஆன்ட்டி. போன் லாக் ஆயிருந்துச்சு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. இப்பத்தான் பீரோவுல உங்க பத்திரிகை கிடைச்சுது.” அவன் மேல் தப்பே இல்லை. அம்மாவுக்குத் தோழிகள் இருந்தார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு விதி வைத்தோம். ஒவ்வொருத்தி வீட்டிலும் கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பள்ளித் தோழிகளின் எண் எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவுக்கும் ஒரு விதி உண்டு. பிறப்பு, படிப்பு, வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு — இது மட்டும்தான். ரோஜாப்பூ போட்டு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பினால் பத்து ரூபாய் அபராதம். தாழ்ப்பாள் வாங்கியதில் பாதி அந்தப் பணம்.

“எங்ககிட்டதான் போன் இருக்கே, நாங்க எப்படித் தொலைவோம்?” என்று நினைக்கிறீர்கள். எங்கள் சங்கத்தில் கண்டுபிடிக்க ரொம்பச் சிரமப்படுத்துகிற செட் 1982 அல்ல, 2012. எங்களுக்காவது அப்பா வீடு அதே தெருவில் இருந்தது. அண்ணன் மனைவியைக் கேட்டால் சொல்வாள். அந்தப் பெண்களுக்கு வாடகை வீடு. கல்யாணத்தன்று புது சிம், புது எண், பழைய குழுவிலிருந்து ‘வெளியேறினார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. என் காலத்தில் கார்டாவது சிவப்பு மையோடு திரும்பி வந்து சொன்னது.

உங்களில் பலர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கியவர்கள். 2022 செப்டம்பரில் அது தொடங்கியபோது பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்று தோழிகளோடு கும்பலாக எங்கள் பள்ளிக்கு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்தேன். பணம் வருகிற காரியத்துக்குத் தோழியைத் தேடத் தெரிகிறது. மற்றதற்கும் தேடுங்கள்.

எங்கள் 64 பேரில் இதுவரை 51 பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆறு பேர் இல்லை. ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில், பாட்டிமார்களில் யாராவது 1982-இல் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் இருந்தால், தயவுசெய்து போவதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளே, ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு விரிப்பு. இடது பக்கத்தில் பெயர், அப்பா அல்லது அம்மா இனிஷியல், வீட்டு முகவரி, உங்கள் எண், உங்களைப் பற்றி விசாரிக்கக் கூடிய ஒருவரின் எண், பின்கோடு. பின்கோடு மறக்காதீர்கள். வலது பக்கத்தில் எதுவும் எழுத வேண்டாம். அது அடுத்த முகவரிகளுக்கு. நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் யாரென்று பேசி முடிவு செய்து எனக்குச் சொல்லுங்கள்.