எழுந்து நிற்றலே சிகரம்

நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டாற்றிய அறுவை மருத்துவர் சாமர்வெல், 1924இல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி ஏறியவர். மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைக்கோ எழுந்து நிற்றலே சிகரம். அச்சிகரம் எய்த இயன்முறைப் பயிற்சி இடையறாது வேண்டும். வளரும் மூளை ஓர் அசைவைப் பன்முறை செய்தே கற்கிறது. பயிற்சி நின்றால் தசை இறுகும், மூட்டு மடங்கும். ஆதலின் வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்லுதல் போதாது. இல்லத்திலும் நாள்தோறும் தொடர்தல் வேண்டும். இதனை உணர்ந்தே, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தென்காசிப் பகுதியின் ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம், சிற்றூர் இல்லங்களுக்கே பணியாளரை அனுப்பிப் பெற்றோரைப் பழக்குகிறது. எனினும் தனித்து உழைக்கும் தாய் ஒருநாள் தளர்வாள். அன்றே பயிற்சியும் நின்றுவிடும். அவள்தன் வீட்டுச் சுமையில் ஒரு பங்கை உற்றார் ஏற்பதும் அக்குழந்தைக்கு மருந்தேயாம்.