அத்தாவின் வீடும் அடமானப் பத்திரமும்

(முத்தாண்டிக்குப்பத்தில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் எத்தனை வருடம் குடியிருந்தாலும், ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் சுற்றுப்புற ஊர்களில் மனை வாங்கி, வங்கியில் பத்திரத்தை வைத்து வீடு கட்டுகிறார்கள். முந்திரி வியாபாரி சரக்குப் பிடிக்கப் பத்திரத்தை வைக்கிறார். இடையில் மவுத் வந்துவிடுகிறது. பத்திரம் வங்கிப் பெட்டகத்தில், பிள்ளைகள் பஞ்சாயத்தில்!

அப்படி ஒரு வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். தாய், மூன்று மகன்கள், ஒரு மகள். அத்தா விட்டுச் சென்றது ஒரு வீடு, அதன் மேல் வங்கிக் கடன். கொஞ்சகாலம் தவணை கட்டிய பெரியவர், "நான் கட்டினேன், வீடு எனக்கு" என்கிறார். கடை வைத்திருக்கும் அடுத்தவர், "விற்றுப் பணமாகக் கொடு, கைமுதல் இல்லாமல் கடை சாகிறது" என்கிறார். மூன்றாமவர் வளைகுடாவில், போனை எடுப்பதில்லை. தங்கையிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உனக்குத்தான் நகையும் சீரும் செய்தாகிவிட்டதே, கையெழுத்துப் போட்டுக் கொடும்மா!" அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரே வார்த்தைதான் பேசினார்: "நான் எங்கே போவேன்?"

சகோதரர்களே! கல்யாணச் சீர் வாரிசுப் பங்குக்கு ஈடாகாது. தகப்பன் உயிரோடிருக்கும்போது யாரும் வாரிசே இல்லை. இல்லாத உரிமைக்கு அன்றைக்கே விலை கொடுத்துவிட்டோம் என்பது எந்த ஊர் நியாயம்? ஐந்து வேளை முதல் ஸஃப்பில் நிற்பவர்கள்கூட இந்த இடத்தில் மட்டும் மார்க்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறார்கள். பெண்ணின் பங்கைக் குர்ஆனே வரையறுத்து, அந்த வரம்பை மீறுவோருக்கு நரகத்தையும் எச்சரித்திருக்கிறது (4:11-14).

அதே வசனங்கள், பங்கீடெல்லாம் மரண சாசனத்துக்கும் கடனுக்கும் பிறகுதான் என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடனாளியின் ஜனாஸா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தொழவைக்கத் தயங்கி நின்றதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நீங்கள் கேட்டறிந்த செய்திதான். வட்டிக்கு வாங்கியதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்; இப்போது வாங்கியவர் கப்ரில் இருக்கிறார்.

அந்த வீட்டில் நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. வீட்டை விற்றால் 24 லட்சம். வங்கிக்கு 7 லட்சம். பெரியவர் அத்தாவின் மவுத்துக்குப் பின் கட்டியது 1 லட்சம். அன்பளிப்பாகக் கட்டவில்லை என்கிறார், அதனால் அதையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் 16 லட்சம். மஹர் பாக்கியிருந்தால் அதுவும் கடன்தான். இங்கே அது முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. தாய்க்கு எட்டில் ஒன்று, 2 லட்சம். மீதி 14 லட்சத்தை ஏழாக்கினால் மகனுக்கு 4, மகளுக்கு 2. ஒரு லட்சம் கட்டியவருக்கு அந்த ஒரு லட்சம்தான் கூடுதலாக வரும், முழு வீடு வராது!

பெரியவர் கேட்டார்: "என் பங்குக் கடனை மட்டும் கட்டி என் பாகத்தை மீட்க முடியாதா?" பொதுவாக முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, பங்காளி ஒருவர் தன் அளவுக்கு மட்டும் கட்டி அடமானத்தைத் துண்டு துண்டாக மீட்க இயலாது. ஆனால் முழுவதையும் கட்டி மீட்டுவிட்டு, மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கலாம். ஒருவர் முழு வீட்டையும் விற்றுப் பத்திரம் போட்டாலும், அவருடைய பங்குக்கு மேல் அது செல்லாது. வாங்க வருகிற வியாபாரிகளே, எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்!

இந்தச் சண்டை புதிதல்ல. 1885இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு ஆயத்துக்கு ஜாஃப்ரி பேகம் எதிர் அமீர் முஹம்மது கான் வழக்கு வந்தது. தீர்ப்பெழுதியவர் நீதிபதி சையத் மஹ்மூத்; சர் சையத் அஹ்மது கானின் மகன். சொத்தைக் கையில் வைத்திருந்த வாரிசுகள் மீது மட்டும் வழக்குப் போட்டு, இறந்தவரின் கடனுக்காகச் சொத்து விற்கப்பட்டது. வழக்கில் சேர்க்கப்படாத ஒரு வாரிசு, "என் பங்கு எங்கே?" என்று வந்தார். மரணித்த அந்த நொடியே சொத்து வாரிசுகளைச் சேர்கிறது, கடன் அதைத் தடுத்து நிறுத்தாது. தரப்பினராக இல்லாத வாரிசை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றார்கள். ஆனால் பங்கைத் திரும்பப் பெற வேண்டுமானால், தன் விகிதத்துக் கடனைச் செலுத்திவிட்டுத்தான் பெற வேண்டும் என்றும் சொன்னார்கள். பங்கும் கடனும் சேர்ந்தே வருகின்றன! அதே நேரம் அத்தா விட்டுச் சென்ற சொத்துக்கு மேல் பிள்ளையின் சொந்தப் பணத்தில் யாரும் கை வைக்கவும் முடியாது.

இன்றைய நிலைமை இதைவிட அவசரமானது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, தவணை நின்று கணக்கு வாராக்கடனானால், வங்கி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். ஏலத்தில் நீங்கள் நினைக்கிற விலை வருமா? இருபத்து நான்கு இருபதானாலும், குறைகிற நான்கு லட்சம் யாருடைய பங்கிலிருந்து போகும்? ஐந்து பேருடைய பங்கிலிருந்தும்தான்.

பெரியவருக்கு அந்த வீடுதான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. நாணயமானவர்களை வைத்து விலை போடுங்கள், வங்கியை முடியுங்கள், மற்றவர் பங்கைக் கொடுத்து, பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். தங்கை விட்டுக் கொடுத்தாலும் பங்கை முதலில் கையில் கொடுங்கள். பிறகு அவர் மனமுவந்து தந்தால் அது வேறு. அம்மா அங்கேயே இருப்பார் என்று ஒரு வரியும் அதில் சேரட்டும். பெரியவர் இதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் வந்து இருபது நாளாகிறது. வளைகுடாத் தம்பி நேற்றுத்தான் போனை எடுத்தார். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை மக்ரிபுக்குப் பின் நான்காவது முறையாக உட்காருகிறோம். இந்த முறை தங்கையையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.