மட்டைத்தலையும் நான்கு சொற்களும்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்பெறும் இம்மேடையில், கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் மட்டையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பந்தைத் தாக்கும் மட்டைத்தலையைச் செம்மையாக்குவதில் பொருளறிவியலுக்கும் பரப்புப் பொறியியலுக்கும் உள்ள பங்கே எங்கள் பொருள். அதனை மொழி மன்றத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. அக்காரணம் நாங்கள் செய்த ஒரு தவறு.

ஒரு சொல்லால் உடைந்த தகடு

சில ஆண்டுகளுக்கு முன்பு, வார இறுதிகளில் மாணவர் சிலருக்குத் தமிழில் பொருளறிவியல் சொல்லிக்கொடுத்தோம். அதற்கென நாங்கள் எழுதிய குறிப்பில், மட்டையின் முகத்தகடு மிக உறுதியான எஃகால் ஆகவேண்டும் என்றொரு வரி இருந்தது. மாணவர் ஒருவர் அதனை நம்பி, உறுதியான எஃகு எது என்று தேடினார். இரும்பையே அராவுகின்ற அரத்தைவிட உறுதியானது எது? பழைய அரம் ஒன்றைத் துண்டித்துச் சட்டத்தில் பொருத்தினார். அதன்மேல் இரும்புக் குண்டை விழச் செய்தோம். தகடு இரண்டாக உடைந்தது. அடுத்து, சரக்குந்தின் பழைய வில்தகட்டிலிருந்து எடுத்த துண்டை வைத்தோம். அரம் அதனை எளிதில் கீறிவிடும். ஆயினும் குண்டு விழுந்தபோது அது வளைந்து, மீண்டு, குண்டை மேலே எறிந்தது.

பிழை மாணவருடையது அன்று. நான்கு வெவ்வேறு பண்புகளை உறுதி என்னும் ஒரே சொல்லால் எழுதிய எங்களுடையது. அன்றுமுதல் நான்கு சொற்களைப் பிரித்து ஆள்கிறோம். நிலையாக வளைந்துவிடாமல் விசையைத் தாங்குவது வலிமை. விசைக்கு வளைந்துகொடுக்க மறுப்பது விறைப்பு. கீறலையும் தேய்வையும் எதிர்ப்பது கடினம். விரிசல் தோன்றினாலும் அது பரவாமல் தடுப்பது உரம். அரத்தில் கடினம் மிகுதி, உரம் குறைவு. வில்தகட்டில் வலிமையும் உரமும் சேர்ந்திருக்கின்றன. மட்டைத்தலையின் வரலாற்றை இந்நான்கு சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நம் காட்டுப் பால்

அவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் இடமுண்டு. ஸ்காட்லாந்தில் முன்பு தோலுறைக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்துகளைக்கொண்டு ஆடினர். 1840களில், சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி போன்றோரின் வழியாக, மலாய்க் காடுகளின் கெத்தா பெர்ச்சா மரப்பால் பிரிட்டனில் அறிமுகமாயிற்று. வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் அப்பாலிலிருந்து 1848ஐ ஒட்டிப் பந்துகள் உருட்டப்பட்டன. அவை மலிவானவை, நீடித்து உழைப்பவை, ஆனால் கெட்டியானவை. பழைய மட்டைகளின் மெலிந்த நீண்ட தலைகள் அவற்றைத் தாக்கிப் பிளந்தன. எனவே தலைகள் குறுகித் தடித்தன. முகத்தில் தோல் பதிக்கப்பட்டது. நம் காட்டுப் பால் அயல்நாட்டு மட்டையின் வடிவத்தையே மாற்றியது.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. வழவழப்பான புதுப் பந்தைவிட, அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நன்றாகப் பறந்தது. எனவே புதுப் பந்துகளிலும் தழும்புகளைப் பதிக்கலாயினர். பரப்பை மாற்றினால் செயல் மாறும் என்பது இவ்விளையாட்டு கற்ற முதற்பாடம்.

இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் தொலைவடி மட்டையின் தலை, அமெரிக்காவின் பெர்சிமன் மரத்தால் ஆனது. நம் கருங்காலியும் அம்மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

உலோகம் வந்தபின்

1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம், உள்ளீடற்ற துருவேறா எஃகுத் தலையைப் பரவலாக்கியது. இத்தகைய தலைகள் மெழுகு வார்ப்பு முறையில் ஆனவை. மெழுகில் உருவம் செய்து, மேலே அச்சுப் பூச்சிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவது அம்முறை. சுவாமிமலைச் சிற்பிகள் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே.

உள்ளீடற்ற தலையால் என்ன நன்மை? எடை நடுவில் குவியாமல் விளிம்புக்குச் செல்கிறது. பந்து முகத்தின் நடுவில் படாவிட்டாலும் தலை எளிதில் திருகிக்கொள்ளாது. பிங் நிறுவனத்தை நிறுவிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் இக்கருத்தை முன்னரே தம் மட்டைகளில் கையாண்டிருந்தார்.

தொலைவடி மட்டையின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ளது. அவ்வெடையை எங்கே வைப்பது என்பதே வடிவமைப்பாளரின் கணக்கு. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், கரிமநார்க் கலவை 1.6 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம். மேற்கூரையைக் கரிமநாரால் செய்து எடையை மிச்சம்பிடித்து, அதனைச் சிறு டங்ஸ்டன் துண்டாகப் பின்விளிம்பில் வைப்பது இன்று வழக்கம்.

முகத்தகட்டின் செய்தி இன்னும் நுட்பமானது. பந்து முகத்தோடு ஒட்டியிருக்கும் நேரம் நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்நேரத்தில் முகம் தாங்கும் விசை அரை டன் எடைக்கும் மேல். முகம் கல்போல் நின்றால் பந்து மிகுதியாக நசுங்கும். நசுங்குவதில் ஆற்றல் வெப்பமாக வீணாகும். முகமும் சற்று வளைந்துகொடுத்தால் பந்து குறைவாக நசுங்கும், ஆற்றல் மிஞ்சும். ஆகவே முகத்துக்கு வேண்டியது மிகுந்த வலிமை, குறைந்த விறைப்பு. டைட்டானியக் கலவைகள் நல்ல எஃகுக்கு நிகரான வலிமையும் அதில் ஏறத்தாழப் பாதி விறைப்பும் உடையவை. உறுதி என்ற ஒரே சொல் மட்டும் கையிலிருந்தால் இவ்வுண்மையை எழுதவே இயலாது.

ஆயினும் முகத்தை வேண்டியவாறு மெல்லியதாக்க முடியாது. அடிமேல் அடி பட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்து, ஒருநாள் முகம் பிளக்கும். விதியும் குறுக்கே நிற்கிறது. தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. முகத்தின் துள்ளலுக்கும் வரம்புண்டு. துள்ளலைக் கூட்ட வழியில்லாத நிலையில், பிழையடியையும் பொறுத்துக்கொள்ளும் தன்மை, நீடித்த உழைப்பு, பரப்பின் தரம் ஆகியவற்றிலேயே இன்றைய மேம்பாடு நடைபெறுகிறது.

பரப்பு என்னும் தோல்

டைட்டானியத்தை வார்க்கும்போது, அச்சோடு வினைபுரிந்து அதன் மேற்பரப்பில் மெல்லிய தோல் ஒன்று உண்டாகிறது. அத்தோல் கடினமானது, ஆனால் உரமற்றது. விரிசல் பிறக்கும் இடமும் அதுவே. அதனை அமிலத்தில் கரைத்து நீக்கவேண்டும். கடினம் கூடினால் நல்லது என்று எண்ணி அப்படியே விட்டால், எங்கள் மாணவரின் அரத்துக்கு நேர்ந்தது அம்மட்டைக்கும் நேரும்.

மணலில் உரசும் குறுந்தொலைவு மட்டைகளுக்குத் தேய்வே பகை. வெற்றிடக் கலத்தில் டைட்டானியம் நைட்ரைடு போன்ற கடினப் பூச்சைச் சில மைக்ரான் கனத்தில் படியவைக்கலாம். ஆனால் கீழுள்ள உலோகம் மென்மையாக இருந்தால், மெத்தைமேல் வைத்த கண்ணாடிபோல் பூச்சு நொறுங்கும். பூச்சையும் அடித்தளத்தையும் ஒருசேரத் திட்டமிடுவதே பரப்புப் பொறியியலின் சாரம்.

முகத்தில் கீறியிருக்கும் வரிப்பள்ளங்களின் பணியையும் பலர் தவறாக அறிந்திருக்கின்றனர். உலர்ந்த முகத்தில் பந்தின் சுழற்சிக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. புல்லின் சாறும் நீரும் இடையில் புகும்போது, அவற்றை வாங்கிக்கொண்டு முகமும் பந்தும் தொடுமாறு செய்வதே அவற்றின் வேலை. மழையில் ஓடும் வண்டியின் சக்கரப் பள்ளங்களும் அவ்வாறே உதவுகின்றன. 2010 முதல் இப்பள்ளங்களின் கொள்ளளவுக்கும் விளிம்புக் கூர்மைக்கும் கடுமையான வரம்பு வந்துவிட்டது. பரப்பின் சொரசொரப்புக்கும் அளவுண்டு.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உலோகத்துக்கு ஆகா. கரிம எஃகில் வடித்த தலைகளுக்கு முதலில் நிக்கல், அதன்மேல் குரோமியம் பூசுவர். பளபளப்பைத் தருவது குரோமியம், காப்பது பெரும்பாலும் நிக்கல். நிக்கலில் ஒரு துளை விழுந்தால் போதும், துரு உள்ளே பரவிப் பூச்சை உரித்துவிடும். ஆட்டம் முடிந்ததும் தலையைத் துடைத்து உலரவைப்பது மலிவான பரப்புப் பொறியியல்.

நிறைவாக

எங்கள் மாணவர் இன்று பொறியாளர். உடைந்த அத்தகட்டின் இரு துண்டுகளும் எங்கள் மேசையில் இருக்கின்றன. அறிவியலைத் தமிழில் சொல்லமுடியுமா என்று கேட்போர்க்கு அவற்றைக் காட்டுகிறோம். சொல்லமுடியும். ஆனால் ஏறத்தாழச் சரியான சொல் போதாது. வலிமை, விறைப்பு, கடினம், உரம் என்பன புதிதாகப் படைத்த சொற்கள் அல்ல. நம் வீட்டுச் சொற்களே. அவற்றுக்கு எல்லை வகுத்து, பாடநூலிலும் பட்டறையிலும் ஒரே பொருளில் ஆளும்படி ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம். உரம் என்ற சொல் வயலுக்கும் உரியதாயிற்றே என்று நண்பர் சிலர் தடை சொல்வர். அதனினும் தக்க சொல்லை இவ்வவை தருமாயின் மகிழ்ந்து ஏற்போம்.